பதினைந்து அடி சீர்

போன சனிக்கிழமை ஒரு தூண்டில் கடையில் நின்று கத்திவிட்டேன்.

சும்மா குரலை உயர்த்தியதல்ல... கத்தல். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஒருவர், தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

என்ன நடந்தது? என் தங்கச்சி லெட்சுமிக்குத் தூண்டில் கம்பும் நூல் சுற்றும் ரீலும் வாங்கப் போயிருந்தோம். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் என் பக்கத்தில் நிற்கிறாள். "தங்கச்சிக்குத்தான் வேணும்" என்று நான் சொல்லியாயிற்று. கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அவளைத் தாண்டி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கிளுக்கு எத்தனை அடி வேணும்?"

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஏனென்றால் இதே ஆள், இதே இடத்தில், இதே கேள்வியை, பொங்கலுக்கு முன்பும் என்னிடம் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொன்னேன். சொன்ன பதிலால் வந்த வினையைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நான் நல்லவன் போல எழுத ஆரம்பித்துவிடுவேன்.

பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி. நாலாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். பதினைந்து வயதில் லோரியில் குலை ஏற்றும் கையாள். இன்றைக்கு வட சிலாங்கூர்த் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆறு லோரிகள் என் பெயரில் ஓடுகின்றன. பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்து, "சார், எந்த எஞ்சின் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எஞ்சினைச் சத்தத்தில் கண்டுபிடிப்பேன். டயரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். பொருள் எடுப்பதில் நான் ஏமாந்ததே இல்லை.

போன பொங்கல்வரைக்கும்.

லெட்சுமி சுங்கை ஆயர் தாவார் என்ற கடலோர ஊரில் தனியாக இருக்கிறாள். மருந்தடிக்கும் பம்பை முதுகில் சுமந்தே தோட்டத்தில் காலத்தைத் தள்ளியவள். புருஷன் போய்விட்டார். ஒரே மகள் கோமளா ரவாங்கில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள், தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து, லெட்சுமி கடலோர மண்கரைக்குப் போய்விடுவாள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் வாளி, தலையில் துண்டு. மலாய்க்காரர்களும் சீனர்களும் வரிசையாக நிற்கும் கரையில் இவள் ஒருத்திதான் பெண். அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே வேறு யாரும் நிற்கமாட்டார்கள்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு நான் சீர் கொண்டுபோவேன். அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து, பட்டுச் சேலை. இந்த வருஷம் அவளே போன் செய்தாள்.

"சேலை வேணாண்ணே. பொட்டி நெறையக் கெடக்கு. என் ரீலு உப்புல இறுகிப்போச்சு. ஒரு தூண்டி செட்டு வாங்கிக் குடேன்."

வாயைத் திறந்து எதையும் கேட்காத தங்கச்சி கேட்டுவிட்டாள். அண்ணன்காரன் விடுவேனா?

நம் வீடுகளில் சீர் என்றால் என்ன, சொல்லுங்கள்? அளவு! தட்டு எத்தனை? கரும்பு எவ்வளவு உயரம்? சேலையில் சரிகை எத்தனை விரல்? வாசலில் நின்று எண்ணுவதற்கென்றே நாலு பேர் இருப்பார்கள். எனக்கும் அந்தப் புத்திதான். கடைக்குப் போனேன். அந்த மனிதர் கேட்டார் — எத்தனை அடி வேணும்?

"கடற்கரையில நின்னு வீசணும். நல்லதா காட்டு" என்றேன்.

"அப்படின்னா சர்ஃப் செட்டுதான் போஸ், அலைக்கு அந்தப் பக்கம் வீசறது. பதினஞ்சு அடி. ஃபுல் கார்பன். ரீலு பத்தாயிரம் சைஸ். வீசுனா நூறு மீட்டர் லேசா தாண்டும் லா."

"இதுக்கு மேல பெருசு இருக்கா?"

"இல்ல போஸ். இதுதான் ராஜா."

"அப்ப ராஜாவையே கட்டு."

ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனிதர்? யார் கையில் பிடிக்கப்போகிறார்கள், ஆணா பெண்ணா, என்ன வயது? எந்தக் கரை? நூலில் எவ்வளவு கனமான ஈயக்குண்டு கட்டுவார்கள்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே! சரி, அவர்தான் கேட்கவில்லை. நான் ஏன் சொல்லவில்லை? அந்தக் கம்பைக் கையில் தூக்கியதும் எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போதாதா?

கம்புக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ரீலுக்குப் பூச்சரம் சுற்றி, தட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு கிழவர் சொன்னார். லெட்சுமி சிரித்தாள். பழைய கம்பு அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பயற்றங்கொடிக்கு ஊன்றுகோலாகப் போனது.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோல சிலாங்கூரில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

நாலு மாதம் கழித்து கோமளா போன் செய்தாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் பெண் அவள். அன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மாமா, நீங்க குடுத்த கம்ப வந்து எடுத்துட்டுப் போயிருங்க. இல்லன்னா நானே ஒடச்சுப் போட்டுருவேன்."

"என்னா பேச்சு பேசற? சீரு அது!"

"அம்மாவால தலை சீவ முடியல மாமா. ரவிக்கை போட முடியல. அது தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் சுங்கை ஆயர் தாவாரில் இருந்தேன்.

லெட்சுமி எனக்கு இடது கையால் சோறு போட்டாள். சீர் வாங்கிய தங்கச்சி, அண்ணனுக்கு இடது கையால்! அவளே அதற்குக் கூசி, கரண்டியைத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, "நீயே போட்டுக்கண்ணே" என்றாள். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"வலிக்குதுன்னா அந்தக் கம்ப வச்சிட்டு வேற எடுக்க வேண்டியதுதானே?"

"ஒன் சீருண்ணே. மூலையில சாத்தி வைக்கவா முடியும்? போறவ வர்றவ எல்லாம் கேக்கறாளுங்க, அண்ணன் குடுத்த கம்பு எங்கன்னு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்னா செஞ்சிருப்ப? இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்ப."

  சத்தியமாக அதைத்தான் செய்திருப்பேன்.

நாலு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், வலித்த தோளோடு அந்தக் கம்பை வீசியிருக்கிறாள். எதற்காக? மீனுக்காகவா? என் கௌரவத்துக்காக!

கம்பை வெளியே எடுத்துவந்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே எண்கள் அச்சடித்திருக்கின்றன. நாலாம் வகுப்புக்காரனுக்கும் எண் தெரியும். நூறு கிராமிலிருந்து இருநூறு கிராம்வரை. இந்தக் கம்பு அந்தக் கனத்துக்குச் செய்தது. லெட்சுமி கட்டுகிற ஈயத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். நாற்பது கிராம்கூட இருக்காது. அதற்கு மேல் கட்டினால் நம் கரையின் சேறு ஈயத்தை விழுங்கிக்கொண்டு திருப்பித் தராது. அவளுக்கு அது தெரியும்.

"வீசிக் காட்டு" என்றேன். இடது கையால் மெல்ல அசைத்துக் காட்டினாள். கம்பு வளையவே இல்லை. இரும்புக் குழாய் மாதிரி விறைத்து நின்றது.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

லோரிக்காரர்களைக் கேளுங்கள். கனமான பாரத்துக்குப் போடும் பட்டை ஸ்பிரிங்கைப் போட்டு, லோரியைக் காலியாக ஓட்டினால் என்ன ஆகும்? ஸ்பிரிங் அசையாது. ஒவ்வொரு குழியும் ஓட்டுநரின் முதுகெலும்பில் இறங்கும். தூண்டில் கம்பும் அதே கதைதான். ஈயத்தின் கனத்துக்குக் கம்பு பின்னால் வளைய வேண்டும். வளைந்த கம்பு நிமிரும்போது ஈயம் பறக்கும். கம்பு வளைந்தால் வேலையைக் கம்பு செய்யும். வளையாவிட்டால் தோள் செய்யும். இந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் லோரியில் சொல்லிக்கொடுத்தவன் நான். என் தங்கச்சிக்கு என்று வரும்போது எங்கே போயிற்று அந்த அறிவு? பூச்சரத்துக்குள் போயிற்று.

இதில் போனில் வீடியோ போடுகிற நிபுணர்கள் வேறு. பனைமர உயரத்துக்கு எழுகிற அலை முன்னால் நின்றுகொண்டு, "நீளமான கம்பு, பெரிய ரீல்" என்று பாடம் எடுக்கிறார்கள். நம் கரையில் ஏதய்யா அலை? கோல சிலாங்கூரில் ஆரம்பித்து சுங்கை பெசார் வழியாக வடக்கே போய்ப் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. ஏறினால் கரைக் கல்லை வந்து நக்கும். மீனும் தண்ணீரோடு ஏறிவந்து காலடியில் மேய்கிறது. நூறு மீட்டர் தாண்டி வீசி எதைப் பிடிக்கப்போகிறோம்? எதிர்க்கரையில் சுமத்ராவையா?

கோமளாவும் அங்கே ஒரு முடிவோடு வந்திருந்தாள். "ஆறு வாரம் பாக்கறேன் மாமா. கை சரியாகி அம்மா பழையபடி கரைக்குப் போனா சரி. இல்லன்னா ரவாங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு. ஒண்ணும் பயமில்ல."

 லெட்சுமி சட்டியைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"நாலாவது மாடி ஜன்னல்லேர்ந்து எதுல வீசறதுண்ணே?"

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். கொடுத்த சீரைத் திரும்ப எடுத்தேன். பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்க, அந்த ராஜாவைக் காரின் கூரைமேல் கட்டினேன். "என்னா, குடுத்தத திருப்பி எடுக்கறாரு?" என்று அதே கிழவர் கேட்டார். "ஆமாம்" என்றேன். சீரைத் திருப்பி எடுத்த அண்ணன் என்று ஊர் பேசும். பேசட்டும்! ஊர் வந்து அவளுக்குத் தலை சீவிவிடுமா?

லெட்சுமி ஆறு வாரம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். அங்கே கைப்பயிற்சி கொடுக்கும் பெண் கெட்டிக்காரி. "லேசான கம்பா இருந்தா வீசலாம். பக்கவாட்டுல வீசணும். வலது முழங்கை இடுப்பவிட்டு விலகக் கூடாது" என்று சொல்லி அனுப்பினாள். அதன் பிறகுதான் அந்தக் கடை. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி. "அங்கிளுக்கு எத்தனை அடி வேணும்?"

இப்போது சொல்லுங்கள், நான் கத்தியது தப்பா?

"புடிக்கப்போறது இவ கை! இவகிட்ட கேளுய்யா! போன தடவ என்கிட்ட கேட்டு என்னா லட்சணமாச்சுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்து, எழுதக்கூடிய வார்த்தைகளும் எழுதக்கூடாத வார்த்தைகளும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தேன். நான் கத்தி முடிக்கும்வரை லெட்சுமி காத்திருக்கவில்லை. அவள் பாட்டுக்குக் கம்புகள் அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டாள். ஒன்றைத் தூக்கினாள், வைத்தாள். இன்னொன்றைத் தூக்கினாள், வைத்தாள். மூன்றாவதை இடது கையில் ஏந்திக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வா. நுனியப் புடி."

அவர் என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ஓடினார்.

பைக்குள்ளிருந்து மைலோ டின் ஒன்றை எடுத்தாள். அதற்குள் அவளுடைய ஈயங்கள்! வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். ஒன்றை நூலில் கட்டி நுனியில் தொங்கவிட்டு, ஆடுகிறதா, எவ்வளவு வளைகிறது என்று குனிந்து பார்த்தாள். கம்பின் நடுவில் அவள் கண் போகவே இல்லை. மீன் தொட்டால் முதலில் ஆடுவது நுனிதான்; நுனியையே பார்த்தாள்.

"அக்கா, இது சர்ஃப் கம்பு இல்ல. ஒம்பது அடிதான். லைட்டு. கடலுக்கு எடுபடாது லா."

"நா மீன் புடிக்கப் போறேன் தம்பி. கொடிமரம் நடப் போறதில்ல."

கல்லாவிலிருந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார்.

ரீல் நாலாயிரம் சைஸ் போதும் என்றாள். சுற்றிப் பார்த்தாள், காதோடு வைத்துக் கேட்டாள். நான் எஞ்சினுக்குக் காது கொடுக்கிற மாதிரியே! மெல்லிய பின்னல் நூல் சுற்றச் சொன்னாள். நூல் மெலிந்தால் காற்றில் தடுப்பு இல்லை, சின்ன ஈயமும் தூரம் போகும். கடைசியாக, "கைப்பிடிய இந்தப் பக்கம் மாத்து" என்றாள்.

"ஏன் அக்கா? எல்லாரும் இடது கையாலதானே சுத்துவாங்க?"

"தோளு போனது வலது. கம்ப இடது கை தாங்கட்டும். வலது கை இடுப்போட ஒட்டிக்கிட்டு சும்மா சுத்தட்டும்."

கடைக்காரர் திருகைக் கழற்றி, மறுபக்கம் செருகி, முறுக்கினார். அரை நிமிடம். அரை நிமிட வேலை, வாசகர்களே! இவ்வளவுகூட அவளிடம் கேட்காததால் என் தங்கச்சி நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை என்று லெட்சுமி சொல்கிறாள். இருக்கட்டும். ஆனால் கடைக்குள் ஓர் ஆணும் பெண்ணும் போனால், சாமான் யாருக்கு என்று சொன்ன பிறகும் ஆண் முகத்தைப் பார்த்தே பேசுகிறவர்களை என்ன செய்வது? உங்களில் எத்தனை பேர் அக்கா தங்கச்சிக்கும் மனைவிக்கும் அவர்களைக் கேட்காமலே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்? குக்கரிலிருந்து கார்வரைக்கும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் ஏறியது. கரைக்குப் போனோம். ஆறு வாரக் கெடு முடிந்துவிட்டதால் கோமளாவும் வந்திருந்தாள். காரில் காலிப் பெட்டி இரண்டு வைத்திருந்தாள், அம்மாவின் துணிகளுக்கு.

லெட்சுமியின் இடம் காலியாகவே இருந்தது. இறாலைக் கோத்தாள். பக்கவாட்டில் திரும்பி நின்று வீசினாள். ஈயம் பத்தடி தள்ளிச் சொத்தென்று கல்லிடுக்குச் சேற்றில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். கோமளா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

லெட்சுமி அவசரப்படவில்லை. நூலைச் சுற்றி இழுத்தாள். ஈயத்தில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துப் போட்டாள். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை கையை வீசவில்லை, இடுப்பைத் திருப்பினாள். கம்பு பின்னால் வளைந்தது... நிமிர்ந்தது... நூல் விர்ரென்று போனது. ரொம்பத் தூரமில்லை. கல்லைத் தாண்டி, நுரையைத் தாண்டி, தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில் விழுந்தது. அங்கேதான் விழ வேண்டும்.

"வலிக்குதாம்மா?" என்றாள் கோமளா.

"இல்ல. இனிமே வலிச்சா சொல்லுவேன்."

அதைச் சொல்லும்போது அவள் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

 கோமளா அம்மாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கடல் தண்ணீர் மொண்டு வந்து அவள் காலடியில் வைத்தாள். பெட்டி இரண்டும் காரிலேயே கிடந்தன.

எனக்குத்தான் தாங்கவில்லை. "பாத்தியா! இதத்தானே நா சொன்னேன்! அந்தக் கடைக்காரன் மட்டும் அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா..." என்று பொங்க ஆரம்பித்தேன். கடை, வீடியோ நிபுணர்கள், வாசலில் நின்று தட்டு எண்ணுகிற கும்பல் என்று ஒருவரையும் விடவில்லை. கரை முழுக்கக் கேட்டிருக்கும்.

"அண்ணே."

"என்னா?"

"வாய மூடு. நுனி ஆடுது."

மூடினேன்.